வாக்கியம் ஆக்கும் மென்பொருளில் தலைமைத் தொடரும் சார்புத் தொடரும்

முல்லைப் பெரியாறு அணையின் மழையளவையும் நீர்மட்டத்தையும் வாங்கிக்கொண்டு, குமுளியிலிருந்து கம்பம் வரையுள்ள தமிழ் வாசகர்களுக்கு நாள்தோறும் சிறு அறிக்கை எழுதித் தரும் மென்பொருளை அமைப்பதாகக் கொள்வோம். "மழை பெய்தது", "நீர்மட்டம் உயர்ந்தது" என்று தனித்தனியே எழுதச் செய்வது எளிது. இரண்டையும் இணைப்பதில்தான் வேலை இருக்கிறது. "மழை பெய்ததால் நீர்மட்டம் உயர்ந்தது" என்பதில் 'நீர்மட்டம் உயர்ந்தது' தலைமைத் தொடர்; அதைச் சார்ந்து நிற்கும் 'மழை பெய்ததால்' சார்புத் தொடர்.

அபர்டீன் பல்கலைக்கழகத்தில் உருவான சிம்பிள்என்எல்ஜி போன்ற, ஆங்கில வாக்கியம் ஆக்கும் நிரல்தொகுப்புகளில், சார்புத் தொடரையும் முழு வாக்கியமாகவே அமைத்து, 'பிகாஸ்' போன்ற இணைப்புச் சொல்லை அதற்குப் பண்பாகக் குறித்துத் தலைமைத் தொடரோடு சேர்த்துவிடலாம். தமிழில் அந்த வேலையைப் பெரும்பாலும் வினையே செய்கிறது. ஆகவே ஒவ்வொரு தொடருக்கும் எழுவாய், செயப்படுபொருள், வினையடி ஆகியவற்றைத் தனித்தனிப் புலங்களில் (தரவை வைக்கும் இடங்களில்) வையுங்கள். சார்புத் தொடருக்கு 'உறவு' என்ற புலத்தையும் சேர்த்து, அதில் காரணம், நிபந்தனை, காலம் என்று பொருளை மட்டும் எழுதுங்கள். விகுதியை எழுத வேண்டாம். பெய்தால், பெய்ததால் ஆகிய இரண்டும் ஓர் எழுத்தில்தான் வேறுபடுகின்றன. முன்னது இன்னும் நடக்காத நிபந்தனை, பின்னது நடந்து முடிந்த காரணம். வடிவத்தைச் சேமித்தால் இந்த வேறுபாடு எங்கேனும் கலைந்துவிடும். எச்சரிக்கை அறிக்கையில் அது பொறுக்கத்தக்க பிழையன்று.

திணை, பால், எண் காட்டும் விகுதியைத் தலைமை வினைக்கு மட்டும் கொடுத்து, சார்புத் தொடரை அதற்கு முன்னே வையுங்கள்.

'திறந்து' போன்ற எச்சத்தைத் தேர்வதற்கு முன், இரு தொடர்களின் எழுவாயும் ஒன்றா என்று நிரல் சோதிக்க வேண்டும். "ஊழியர்கள் மதகைத் திறந்து தண்ணீர் பாய்ந்தது" என்பது பிழை. 'திறந்ததும்' என்றால் சரியாகும். "மழை பெய்து நெல் விளைந்தது" என்பதில் எழுவாய்கள் வேறாயினும், காரண காரியத் தொடர்பு இருப்பதால் மரபு அதை ஏற்கிறது. ஆனால் தொடக்கத்தில் இந்த விலக்கை நிரலுக்குக் கற்பிக்காமல், 'பெய்ததால்' என்றே எழுதச் செய்வது பாதுகாப்பானது என்பது என் கருத்து.

பெயரெச்சத் தொடரை வினையோடு இணைக்காமல், அது தழுவும் பெயரின் கிளையாக, அதாவது அப்பெயருக்குக் கீழ் அடங்கும் பகுதியாக, வையுங்கள்: "நேற்றுத் திறந்த மதகு". 'என்று' சேரும் தொடரில் மட்டும் உள்வினை தன் முற்று வடிவை இழப்பதில்லை. அதற்குத் தனிக் குறி வேண்டும்.

சோதனைக்கு, 2014இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த அளவை வைத்தே ஒரு வாக்கியம் அமைக்கலாம்: "நீர்மட்டம் 142 அடியைத் தாண்டினால் உபரிநீர் திறக்கப்படும் என்று அதிகாரிகள் அறிவித்தனர்." இதில் நிபந்தனைத் தொடர் 'திறக்கப்படும்' என்பதன் கிளையாக அமைய வேண்டும், 'அறிவித்தனர்' என்பதோடு ஒட்டினால், நீர்மட்டம் தாண்டினால்தான் அறிவிப்பே வரும் என்று பொருள் மாறிவிடும்.