வெயிலில் புளிக்கும் வெள்ளரி: ஹங்கேரி முறை ஊறுகாய்

ஹங்கேரியில் ஜூன் பிறந்துவிட்டால் பால்கனி, ஜன்னல் விளிம்பு, கொல்லைப்படி என்று வெயில் விழும் இடத்திலெல்லாம் பெரிய கண்ணாடி ஜாடிகள் உட்கார்ந்திருக்கும். உள்ளே வெள்ளரிப் பிஞ்சு, சதகுப்பை (டில்) தண்டு, பூண்டு, உப்புத் தண்ணீர். மேலே ஒரு துண்டு ரொட்டி. இதன் பெயர் கோவாசோஷ் உபோர்க்கா. வினிகர் ஒரு சொட்டு கிடையாது, வேகவைப்பதும் இல்லை. புளிப்பு முழுக்க நொதித்தலில் வருவது. புடாபெஸ்டுக்குக் குடிவந்த பிறகு கோடைதோறும் எங்கள் வீட்டில் இது உண்டு. இந்தச் சுவை பழகியபின் கடை வினிகர் வெள்ளரிமேல் எனக்கு ஆசையே போய்விட்டது.

3 லிட்டர் ஜாடிக்கு வேண்டியவை: வெள்ளரிப் பிஞ்சு ஒன்றரை கிலோ, பூவும் இளங்காயுமாக இருக்கும் சதகுப்பைத் தண்டு ஒரு கைப்பிடி, பூண்டு ஐந்தாறு பல், வெள்ளை ரொட்டியின் ஓரத்துண்டு ஒன்று, கல்லுப்பு, தண்ணீர். திராட்சை இலையோ செர்ரி இலையோ கிடைத்தால் இரண்டு மூன்று போடுங்கள். அவற்றின் துவர்ப்பு, காய் கொழகொழக்காமல் காக்கும்.

வெள்ளரி விஷயத்தில் சமரசம் வேண்டாம். 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம், மேலே சொரசொரப்பு, அழுத்தினால் கல் மாதிரி இருக்க வேண்டும். சாலட்டுக்கு வாங்கும் நீள வெள்ளரி இதற்கு ஆகாது, அத்தனையும் தண்ணீர். தோலில் மெழுகு பூசிய காயும் வேண்டாம். சதகுப்பையில் வெறும் இலை போதாது. வாசனை பூங்கொத்தில்தான் இருக்கிறது. இங்கே சந்தையில் கோடை முழுக்க அதைத் தண்டோடு கட்டாகக் கட்டி, இந்த ஊறுகாய்க்கென்றே விற்பார்கள்.

காயைத் தண்ணீரில் அலசி, இரண்டு முனையையும் நறுக்கி எறியுங்கள். பூ இருந்த முனையில் காயை மெத்தென்று ஆக்கும் நொதிகள் உண்டு. அப்புறம் எண்ணெய்க் கத்தரிக்காய்க்குக் கீறுவதுபோல ஒரு பக்கத்திலிருந்து நான்காகக் கீறுங்கள், அடியில் ஒரு சென்டிமீட்டர் ஒட்டியிருக்கட்டும். கீறல் இருந்தால்தான் உப்பு சீக்கிரம் உள்ளே இறங்கும்.

இனி உப்புத் தண்ணீர். லிட்டருக்கு 25 கிராம் கல்லுப்பு. தயவுசெய்து எடை போட்டே எடுங்கள். கல்லுப்பில் ஒரு ஸ்பூனுக்கும் இன்னொரு ஸ்பூனுக்கும் எடை நிறைய மாறும். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து உப்பைக் கரைத்து ஆறவிடுங்கள்.

புதிதாகச் செய்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன். ரொட்டிதான் புளிக்கவைக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டு, காயின்மேல் கொதிநீரை ஊற்றிவிடுகிறார்கள். புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா வெள்ளரித் தோலில் இருக்கிறது. ரொட்டி அடுப்பில் வெந்து வந்தது, அதில் உயிரோடு பெரிதாக எதுவும் மிச்சமில்லை. அதன் மாவும் சர்க்கரையும் பாக்டீரியாவுக்குத் தீனி, வேலையை வேகப்படுத்தும், அவ்வளவுதான். கொதிநீர் பட்டால் அந்தப் பாக்டீரியா செத்துப்போகும். பிறகு எத்தனை வெயில் காட்டினாலும் காய் அழுகுமே தவிரப் புளிக்காது. ஊற்றும் உப்புத் தண்ணீரில் விரலை விட்டால் இதமாகச் சுட வேண்டும், அதற்குமேல் சூடு கூடாது. குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர்ப் பதம்.

ரொட்டியும் பேக்கரியில் சுட்டதாக இருக்கட்டும். பாக்கெட் ரொட்டியில் பூசணம் பிடிக்காமலிருக்க மருந்து சேர்த்திருப்பார்கள், நமக்கு அது வேண்டாம். துண்டை மெல்லிய துணியில் முடிந்து வையுங்கள். அப்படியே போட்டால் மூன்றாம் நாள் கரைந்து காய்க்குள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

ஜாடியின் அடியில் பாதி சதகுப்பை, இலைகள், பூண்டு. அதன்மேல் வெள்ளரியை நெருக்கமாக நிற்கவையுங்கள். மேல் வரிசையைப் படுக்கவைத்து ஜாடியின் தோளுக்கு அடியில் இறுக்கமாகச் செருகிவிட்டால் எதுவும் மிதக்காது. மீதிச் சதகுப்பை, ரொட்டி முடிச்சு, பிறகு எல்லாம் மூழ்கும்வரை உப்புத் தண்ணீர். வாயை ஒரு சாசரால் மூடினால் போதும். மூடியைத் திருகி இறுக்காதீர்கள், உள்ளே வாயு சேரும். ஜாடிக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள், இரண்டாம் நாள் கட்டாயம் பொங்கி வழியும். ஜாடி என்றால் கண்ணாடிதான். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் சதகுப்பை வாசனை அந்த டப்பாவை விட்டுப் போகாது.

வெயிலில் வைத்தாயிற்று. முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் கீறல்களிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக மேலே ஏறும், தண்ணீர் கலங்கும். மூன்றாம் நாள் அரிசி கழுவிய தண்ணீர் நிறத்துக்கு வந்துவிடும், பளிச்சென்ற பச்சை மங்கி ஆலிவ் நிறமாகும். கெட்டுவிட்டது என்று பலர் கொட்டுவது இந்தக் கட்டத்தில்தான். கொட்டாதீர்கள், சரியாகப் போகிறது என்பதற்கு அந்தக் கலங்கல்தான் அடையாளம். மணம் புளித்த மாவும் பூண்டுமாக இருக்க வேண்டும். மேலே வெள்ளையாக மெல்லிய ஆடை படர்ந்தால் வழித்துவிடலாம். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு எனப் பஞ்சு போலப் பூசணம் வந்தால் மட்டும் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

நல்ல வெயிலில் மூன்று நான்கு நாள், மேகமூட்டமானால் ஐந்து. ஒன்றைக் கடித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக, பச்சைக்காய் ருசி இருந்தால் இன்னும் ஒரு நாள். தயாரானதும் ரொட்டியை எடுத்தெறிந்து, தண்ணீரைத் துணியில் வடிகட்டி, சுத்தமான ஜாடியில் காயோடு சேர்த்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஒரு வாரம் அபார ருசி, அப்புறம் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். வருடக்கணக்கில் வைக்கும் ஊறுகாய் இல்லை இது. அந்தத் தண்ணீரையும் கொட்டிவிடாதீர்கள், இங்கே ஜில்லென்று அப்படியே குடிப்பார்கள். எங்கள் வீட்டில் தயிர்சாதத்துக்கு இந்த வெள்ளரிதான்.

பின்சேர்க்கை: தமிழ்நாட்டிலிருந்து செய்து பார்த்தவர்களில் சிலர் காய் குழைந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். ஏப்ரல், மே வெயிலில் நேரடியாக வைத்தால் அப்படித்தான் ஆகும், கண்ணாடிக்குள் சூடு தாங்காது. காலை வெயில் ஒரு மணி நேரம் காட்டிவிட்டு, மீதி நேரம் நிழலில் வையுங்கள். உப்பை லிட்டருக்கு 35 கிராம் ஆக்குங்கள், இரண்டாம் நாளே ருசி பாருங்கள். ஊறுகாய்க்கென்றே வளர்க்கும் கெர்கின் என்ற குட்டை வெள்ளரி தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் விளைந்தாலும் பெரும்பாலும் ஏற்றுமதிக்கே போகிறது. கிடைக்காவிட்டால் விதை முற்றாத நாட்டு வெள்ளரிப் பிஞ்சு எடுங்கள், கசப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றின் முனையையும் கடித்துப் பார்த்துவிட்டு. சதகுப்பைப் பூவுக்குப் பதில் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் சதகுப்பை விதை 2 டீஸ்பூன், லேசாக நசுக்கி, ரொட்டி முடிச்சோடு சேர்த்துக் கட்டிப் போடலாம்.