டிசம்பர் பூ: ஒரு குச்சி போதும்

மல்லிகை விலை எட்டாத உயரத்துக்குப் போகும் மார்கழியில், பூக்காரம்மா கூடையில் ஊதா நிறத்தில் ஒரு சரம் இருக்கும். வாசனை துளியும் கிடையாது. ஆனாலும் அந்த நிறத்துக்காகவே வாங்குவோம். அந்த டிசம்பர் பூவை வீட்டில் வளர்க்கக் காசே வேண்டாம், பக்கத்து வீட்டில் ஒரு குச்சி கேட்டால் போதும்.

இது பார்லேரியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. பாரேலியே என்ற பிரெஞ்சுத் துறவியின் நினைவாக வந்த பெயர். உலகெங்கும் சுமார் 300 வகைகள் உண்டு. வேலியோரம் மஞ்சளாகப் பூக்கும் முள்செடி செம்முள்ளியும் இதில் ஒன்றுதான். கனகாம்பரம் ஒன்றுவிட்ட சொந்தம். குடும்பம் ஒன்று, பேரினம் வேறு. டிசம்பர் பூவிலேயே ஊதா, வெள்ளை, ரோஸ், வெள்ளையில் ஊதாக் கோடு என்று நிறங்கள் உண்டு. முதல்முறை வளர்ப்பவர்கள் ஊதாவில் தொடங்குங்கள்.

குச்சி வெட்டுவது: ஆனி, ஆடி மாதங்கள் தோது. ரொம்ப இளசும் வேண்டாம், முற்றியதும் வேண்டாம். பென்சில் அளவுக்குக் கொஞ்சம் மெலிந்த கிளையில், மூன்று நான்கு கணு இருக்கும்படி அரை அடி நீளம் வெட்டுங்கள். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும், வேர் அங்கிருந்துதான் வரும். உச்சியில் இரண்டு இலையை விட்டு மீதியைக் கிள்ளிவிடுங்கள்.

நடுவது: செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றும் சம அளவு. இரண்டு கணு மண்ணுக்குள் போகட்டும். நிழலில் வைத்து, மண் ஈரம் காயாமல் தெளித்து வாருங்கள். தினமும் பிடுங்கி வேர் வந்ததா என்று பார்க்காதீர்கள் (நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்). மூன்று நான்கு வாரத்தில் புதுத்துளிர் வந்து நிலைத்தால் பிடித்துவிட்டது. பிறகு வெயில் படும் இடத்தில், தரையிலோ ஓரடி அகலத் தொட்டியிலோ மாற்றி வையுங்கள். தொட்டியடியில் ஓட்டை கட்டாயம்.

கிள்ளுவது: இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். செடி முக்கால் அடி வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை வரும். அவற்றையும் ஒருமுறை கிள்ளினால் நான்கு. பூ கிளை நுனிப் பக்கம்தான் கொத்தாக வரும் என்பதால், கிளை கூடினால் பூவும் கூடும். ஆனால் ஆவணியோடு கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிடுங்கள். ஒரு வருஷம் செடி அழகாக இருக்கட்டுமே என்று ஐப்பசியில் மொட்டையடித்தேன். மார்கழி முழுக்க இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் மேல்மண் காய்ந்த பிறகு விட்டால் போதும், ஒருநாள் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. உரம் அள்ளிப் போட்டால் இலை மட்டும் தளதளவென்று வரும்; மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் தாராளம். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் அடியுங்கள். இலையைப் புழு கடித்திருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள், பட்டாம்பூச்சிப் புழுவாக இருக்கலாம்.

பூ ஓய்ந்ததும் மாசியில் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள். ஒன்றிரண்டு கிளையை மட்டும் காய்க்க விடலாம். காய் முற்றிக் காய்ந்ததும் படீரென்று வெடித்து விதையைத் தூரத் தெறிக்கவிடும். எங்கள் வீட்டில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நிற்கும் செடி அப்படித் தானாக வந்ததுதான்.