3 அடிக்கு 6 அடி: எய்ட்ஸ் குவில்ட்டுக்கு நண்பர் பெயரில் பேனல் தைப்பது எப்படி

1985 நவம்பரில் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில், சுட்டுக் கொல்லப்பட்ட கே (தன்பாலீர்ப்பு) அரசியல்வாதி ஹார்வி மில்க்கின் நினைவு ஊர்வலம் நடந்தது. எய்ட்ஸால் இறந்தவர்களின் பெயர்களை அட்டையில் எழுதி வரச் சொன்னார் கே உரிமைப் போராளி கிளீவ் ஜோன்ஸ். ஒரு அரசுக் கட்டடச் சுவரில் வரிசையாக ஒட்டியபோது அவை ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி தெரிந்தன. இறந்தவர்கள் பெயரில் தைத்த துணிகளை (பேனல்களை) இணைத்த எய்ட்ஸ் குவில்ட், அதாவது ஒட்டுப் போர்வை, பிறந்தது அப்படித்தான். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் முதன்முதலாக விரித்தபோது 1,920 பேனல்கள் இருந்தன. இன்று ஏறத்தாழ 50,000. குடும்பம் கைவிட்டு, உடலை வாங்கக்கூட ஆளில்லாமல் போன கே ஆண்கள் பலருக்கு நண்பர்கள் தைத்த இந்தத் துணிதான் சமாதி. பேனலின் அளவும் அதற்கேற்ப ஒரு சவக்குழி அளவு, 3 அடிக்கு 6 அடி. குவில்ட்டைப் பராமரிப்பவர்கள் புதிய பேனல்களை இப்போதும் ஏற்கிறார்கள்.

துணியைத் தொடுமுன் பெயரை முடிவு செய்யுங்கள். பேனலைப் படமெடுத்து, பெயரை வைத்து எவரும் தேடும்படி இணையத்தில் வைக்கிறார்கள். முழுப்பெயர் கட்டாயமில்லை, கூட்டாளிகள் கூப்பிட்ட பெயர் போதும். அவருடைய துணைவர் உயிரோடு இருந்தால் அவரைக் கேட்காமல் ஊசியில் நூல் கோக்காதீர்கள். இறந்தவருக்கு எய்ட்ஸ் என்றதுமே இருப்பவரைப் பற்றியும் ஊர் கணக்குப் போடும். ஒரு பேனலில் ஒருவர் மட்டுமே.

44 அங்குல அகலத்தில் பருத்தி கேன்வாஸ் அல்லது தடித்த பாப்ளின் 2¼ மீட்டர் வாங்குங்கள். இழுத்தால் நீளும் துணி ஆகாது. பின்பக்கத்துக்கு அதே அளவில் மெல்லிய பருத்தித் துணி. இரண்டையும் வெந்நீரில் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். கஞ்சி போகாத புதுத்துணி பிறகு சுருங்கினால் எழுத்தெல்லாம் கோணிக்கொள்ளும்.

முன்துணி 40 × 76 அங்குலம், பின்துணி 36 × 72. முன்துணியில் நான்கு பக்கமும் 2 அங்குலம் விட்டு சாக்கட்டியால் கோடு போடுங்கள். உள்ளே வரும் 36 × 72 சட்டத்தின் மூலைவிட்டம் இரண்டும் 80½ அங்குலம் காட்ட வேண்டும். வித்தியாசம் வந்தால் துணி கோணல். எட்டு பேனல்களை இணைத்துத்தான் 12 அடிச் சதுரம் ஒன்றைத் தைக்கிறார்கள். உங்களுடையது ஓர் அங்குலம் குறைந்தால் பக்கத்துப் பேனலும் சுருக்கம் விழும். கோட்டிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளியே எதையும் வையுங்கள்.

எழுத்து 6 அங்குல உயரமாவது இருக்கட்டும். தமிழ் எழுத்தின் சுழிகளைச் சாதாரணத் துணியில் வெட்டி ஓரம் மடிப்பது பெரும்பாடு. ‘ழ’வும் ‘ஜ’வும் படுத்தி எடுத்துவிடும். நெய்யாமல் அழுத்திச் செய்த ஃபெல்ட் துணி பிசிறு விடாது, மடிக்கவும் வேண்டாம். காகிதத்தில் வரைந்து, வெட்டி, ஃபெல்ட்டின் மேல் குண்டூசியால் குத்தி, அப்படியே வெட்டிவிடலாம். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அவர் சட்டைப் பொத்தான் ஒன்று போதும். தமிழோடு ஆங்கில எழுத்திலும் பெயரைச் சேருங்கள். அங்கே பதிவு செய்பவர் படிக்க வேண்டுமே.

எதையும் பசையால் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் பசை காய்ந்து பெயரும். பேனல்கள் மடித்தே வைக்கப்படுவதால் கெட்டியாகப் பூசிய பெயின்ட் மடிப்பில் வெடிக்கும். துணி பெயின்ட்டை மெல்லிசாகப் பூசி, ஒரு நாள் காயவிட்டு, பின்பக்கமாக இஸ்திரி போடுங்கள். புகைப்படத்தின் அசலைத் தைக்க வேண்டாம், துணியில் அச்சடித்துக்கொள்ளுங்கள். மக் கோப்பையில் படம் போடும் கடைகளின் சப்ளிமேஷன் அச்சு பருத்தியில் பிடிக்காது. வெள்ளை பாலியெஸ்டர் துணி கொடுத்து அச்சடித்து, அதை பேனலில் தையுங்கள்.

அவர் கட்டிய லுங்கி, சட்டைப் பை, டி-ஷர்ட் துண்டு எல்லாம் அழகாக உட்காரும். கண்ணாடி வளையல் உடையும், சாவி துருப்பிடித்துக் கறை விடும், மினுக்குத் தூள் பக்கத்துப் பேனலில் உதிரும். மஞ்சள், குங்குமம், பூ ஆகவே ஆகாது. சாயம் இறங்கும், பூச்சி வரும். எய்ட்ஸின் அடையாளமான சிவப்பு ரிப்பனைப் பெரிதாகத் தைப்பது எங்கள் பார்வையில் வீண். அவர் எதனால் செத்தார் என்பது குவில்ட்டைப் பார்த்தாலே தெரியும். அவர் ரசம் வைப்பதில் கில்லாடி என்பது நீங்கள் தைத்தால்தான் தெரியும்.

எல்லாம் தைத்த பிறகு பின்துணியைக் கோட்டுக்குள் பரப்பி, முன்துணியின் ஓரத்தை முதலில் அரை அங்குலம், பிறகு 1½ அங்குலம் மடித்து, பின்துணி ஓரம் உள்ளே மாட்டும்படி மெஷினில் அடியுங்கள். பின்துணி இருந்தால் தரையில் விரிக்கும்போது அழுக்கேறாது, தொய்வும் விழாது. ஓரம் அடிக்க வராவிட்டால் அந்த 2 அங்குலத்தை அப்படியே விட்டு அனுப்பலாம், அவர்களே அடித்துக்கொள்வார்கள்.

குண்டூசிகளை எண்ணி எடுத்துவிட்டு, முழு பேனலையும் படமெடுத்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றுங்கள். குவில்ட்டை இப்போது பராமரிப்பது சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள தேசிய எய்ட்ஸ் நினைவகம். முகவரியையும் படிவத்தையும் அவர்களின் இணையதளத்தில் அனுப்பும் அன்று பாருங்கள். நண்பரைப் பற்றி ஒன்றிரண்டு பக்கக் கடிதமும் கேட்பார்கள். அவர் எங்கே பிறந்தார், என்ன வேலை பார்த்தார், உங்களுக்கு என்ன உறவு என்று எழுதுங்கள். படிவத்தில் எழுதும் பெயரின் எழுத்துகள் துணியில் உள்ளபடியே இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் பிறகு தேடுகிறவர்களுக்குக் கிடைக்காமல் போகும்.