முடிவுறு மூலகப் பகுப்பாய்வு: கொழுந்துச் சாக்குத் தாங்கியிலிருந்து தொடங்குவோம்

ஒரு பொருளை மூலகம் எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரித்து, சுமையில் அது எவ்வளவு வளையும், எங்கே எவ்வளவு தகைப்பு (ஓரலகு பரப்பில் வரும் உள்விசை) ஏறும் என்று கணினியில் கணக்கிடுவதே முடிவுறு மூலகப் பகுப்பாய்வு. அந்த மென்பொருளுக்குள் எதைப் போட்டாலும் ஒரு வண்ணப் படம் வெளியே வரும். அலகு பிழைத்திருந்தாலும், விசை தவறான முகத்தில் இருந்தாலும், அதே சிவப்பும் நீலமும்தான். படத்தைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே முதல் பயிற்சிக்கு, விடை ஏற்கெனவே கையில் இருக்கும் ஒரு கணக்கை எடுங்கள்.

தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) கொழுந்துச் சாக்குத் தொங்கவிடச் சுவரிலிருந்து நீட்டிய ஓர் இரும்புப் பட்டையை எடுத்துக்கொள்வோம். சுவரிலிருந்து நீளம் 300 மி.மீ, நிமிர்ந்த உயரம் 40 மி.மீ, தடிப்பு 10 மி.மீ. நுனியில் 25 கிலோ சாக்கு இரண்டு, அதாவது ஏறக்குறைய 500 நியூற்றன்.

கணினியைத் திறக்குமுன் தாளில் போட வேண்டியது இவ்வளவுதான். பரப்பின் இரண்டாம் திருப்பம் (பட்டையின் வெட்டுமுகம் வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்ற அளவு): 10 × 40³ ÷ 12 = 53,333 மி.மீ⁴. சுவரருகே வளைவுத் திருப்பம்: 500 × 300 = 1,50,000 நியூற்றன் மி.மீ. அங்கே மேல் விளிம்பின் தகைப்பு: 1,50,000 × 20 ÷ 53,333 = சுமார் 56 மெகா பஸ்கால். இரும்பின் விறைப்பைக் காட்டும் யங்கின் மட்டு 2,10,000 மெகா பஸ்கால் என எடுத்தால் நுனியின் தொய்வு 0.40 மி.மீ. இந்த இரண்டு எண்களையும் தாளின் மேல் மூலையில் பெரிதாக எழுதி வையுங்கள்.

மென்பொருளுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. உருவத்தை வரைய ஃப்ரீகேட், பகுப்பாய்வுக்கு ப்ரீபோமேக்ஸ். இரண்டும் இலவசம். ப்ரீபோமேக்ஸ் விண்டோஸில் ஓடும். ஸிப் ஃபைலை விரித்தாலே போதும், கால்குலிக்ஸ் என்ற தீர்வு நிரல் அதனோடு சேர்ந்தே வருகிறது. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே வேலை நடக்கும் என்பதால், சிக்னல் வந்து போகும் தோட்டத்து வீட்டுக்கும் இது பொருந்தும். விரித்த ஃபோல்டருக்கு ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாத பெயர் வையுங்கள். பாதையில் தமிழெழுத்து இருந்தால் தீர்வு நிரல் சிலவேளை ஃபைலைக் காணாமல் நின்றுவிடும்.

ஃப்ரீகேட்டின் பார்ட் பகுதியில் ஒரு பெட்டியை உருவாக்கி 300, 10, 40 என்று அளவு கொடுத்து, ஸ்டெப் (STEP) ஃபைல் வடிவில் சேமியுங்கள். ப்ரீபோமேக்ஸில் புதிய மொடல் திறக்கும்போது அலகு முறையைக் கேட்கும். மி.மீ, டன், செக்கன் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இந்த இடத்தில் கவனம் சிதறக்கூடாது. கால்குலிக்ஸுக்கு அலகு என்று ஒன்று தெரியாது. வெறும் எண்களைத்தான் அது பெருக்கும். மி.மீ முறையில் விசை நியூற்றனில், தகைப்பு மெகா பஸ்காலில், இரும்பின் அடர்த்தி 7.85 × 10⁻⁹ டன்/மி.மீ³. பழக்கத்தில் 7850 என்று அடித்துவிட்டு ஈர்ப்பையும் சேர்த்தால் பட்டையின் எடை 10¹² மடங்காகும். பட்டையின் உண்மையான எடை 1 கிலோவுக்கும் குறைவு, சுமையில் இரண்டு வீதம்கூட இல்லை. எனவே இந்த முதல் கணக்கில் ஈர்ப்பைச் சேர்க்காமலே விடலாம்.

ஸ்டெப் ஃபைலை உள்ளே எடுத்தபின் மெஷ் போட வேண்டும், அதாவது பட்டையை மூலகங்களாகப் பிரிக்க வேண்டும். மூலகங்கள் ஒன்றோடொன்று சேரும் புள்ளிகளுக்கு நோட் என்று பெயர். முதற்படி மூலகத்துக்கு மூலைகளில் மட்டுமே நோட், இரண்டாம் படிக்கு விளிம்புகளின் நடுவிலும் உண்டு. மூலகத்தின் உச்ச அளவு 5 மி.மீ, இரண்டாம் படி மூலகம் என்பதற்கு ஆம். இந்தத் தெரிவுதான் விடையைத் தீர்மானிக்கிறது. நான்கு முகமுள்ள முதற்படி மூலகத்துக்குள் (நான்முகி) விகாரம், அதாவது நீளும் அல்லது சுருங்கும் வீதம், மாறவே மாறாது. வளையும் பட்டையிலோ மேலே இழுவை, கீழே அமுக்கம் என்று அது இடத்துக்கிடம் மாறுகிறது. அதனால் முதற்படி மூலகம் பட்டையை உள்ளதைவிட விறைப்பாகக் காட்டும், தொய்வு கணிசமாகக் குறையும். ஒருதடவை வேண்டுமென்றே முதற்படியில் ஓட்டி 0.40 உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அதன்பின் இந்தத் தெரிவை மறக்கமாட்டீர்கள்.

அடுத்து மூலப்பொருள்: யங்கின் மட்டு 2,10,000, புவசோனின் விகிதம் (நீளும்போது பக்கவாட்டில் சுருங்கும் விகிதம்) 0.3. அதை ஒரு செக்‌ஷன் (எந்தப் பகுதி எந்தப் பொருளால் ஆனது என்று சொல்லும் கட்டளை) மூலம் பட்டையோடு இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் ஓட்டம் தொடங்கவே தொடங்காது. பிறகு ஸ்டாட்டிக் ஸ்டெப் (அசையாச் சுமைக்கான கணக்குப் படி; ஸ்டெப் ஃபைல் அல்ல) ஒன்று சேர்த்து, சுவர்ப் பக்க முகத்தை ஃபிக்ஸ்ட் என்று பிடியுங்கள். பிடிக்க மறந்தால் பட்டைக்கு நிற்க இடமில்லை. தீர்வு நிரல் பிழை காட்டும், அல்லது கிலோமீற்றர் கணக்கில் ஒரு நகர்வைத் தரும்.

விசையை நுனி முகத்தில் சர்ஃபேஸ் ட்ராக்‌ஷன் வழியாகக் கீழ்நோக்கி 500 கொடுங்கள். அதில் கொடுக்கும் எண் முழு முகத்துக்குமான மொத்தம். கொன்சென்ட்ரேட்டட் ஃபோர்ஸ் என்பதைத் தெரிவுசெய்து நோட்களின் தொகுதியொன்றில் இட்டால், அந்த 500 ஒவ்வொரு நோடுக்கும் தனித்தனியே போகும். ஐம்பது நோட் இருந்தால் 25,000 நியூற்றன்! புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

ஓட்டியபின் நிறத்தைப் பார்க்காதீர்கள். முதலில் பிடித்த முகத்தின் எதிர்த்தாக்க விசைகளைக் கூட்டுங்கள். மேல்நோக்கி 500 வர வேண்டும். வராவிட்டால் சுமையில்தான் பிழை, மற்றதை ஆராய்வது வீண். அடுத்து நுனியின் தொய்வு, 0.40 அல்லது 0.41. கைக்கணக்கின் வளைவுச் சூத்திரத்தில் இல்லாத வெட்டுவிசையின் சிறு பங்கு மென்பொருளில் சேர்வதால் ஒரு மயிரிழை கூடலாம். திரையில் பட்டை முறிந்து தொங்குவதுபோலத் தெரிந்தால் பதறவேண்டாம். நகர்வைப் பெருக்கித்தான் காட்டுகிறது. அளவீட்டை உண்மை மடங்குக்கு மாற்றினால் பட்டை நேராகவே நிற்கும்.

தகைப்பைச் சுவர் முகத்தில் வாசிக்காதீர்கள். அங்கே பட்டை பக்கவாட்டில் சுருங்கவும் விரியவும் முடியாமல் இறுகப் பிடித்திருக்கிறோம். மூலைகளில் எண் செயற்கையாக ஏறும். 40 மி.மீ தள்ளி மேல் விளிம்பில் வாசியுங்கள். அங்கே கைக்கணக்கு 500 × 260 × 20 ÷ 53,333, சுமார் 49 மெகா பஸ்கால். மென்பொருளும் அதையொட்டி நின்றால் உங்கள் மொடல் சரி.

பிறகு மூலக அளவை 10, 5, 2.5 என்று மாற்றி மூன்று தடவை ஓட்டுங்கள். அடுத்தடுத்த இரண்டு விடைக்கும் இடையே 5 வீதத்துக்குக் குறைந்த வித்தியாசம் என்றால் போதும். அளவைப் பாதியாக்கும்போது மூலகங்கள் ஏறக்குறைய எட்டு மடங்காகும் என்பதை மனதில் வையுங்கள். 4 கிகாபைட் நினைவகமுள்ள மடிக்கணினியில் 1 மி.மீக்கு ஆசைப்பட்டால் அது திணறி நின்றுவிடும். மழைக்காலத்தில் கரண்ட் போகும் ஊரில், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன் ஃபைலைச் சேமிப்பதும் வேலையின் ஒரு பகுதியே.

இனி உண்மையான தாங்கி. பட்டையைச் சுவர்த் தகட்டில் வெல்டிங் செய்தால் உள்மூலை ஒன்று வரும். அதைக் கூராக வரைந்துவிட்டு மெஷ்ஷை நுணுக்கிக்கொண்டே போனால் அந்த மூலையின் தகைப்பு நிற்காமல் ஏறும். அது இரும்பின் பலவீனமல்ல, கூர்மூலைக்குக் கணிதம் தரும் முடிவிலி. வெல்டிங் கோடு இருக்குமிடத்தில் 5 மி.மீ ஆரையில் வளைவு கொடுத்து, அங்கே மட்டும் மூலகத்தை 1 மி.மீயாகக் குறையுங்கள். எண் ஓரிடத்தில் அடங்கும்.

மென்பொருள் தானாகக் கேட்காத கேள்விகளும் உண்டு. மென்னிரும்பின் இளகு தகைப்பு (அதைத் தாண்டினால் நிரந்தரமாக வளையும் எல்லை) சுமார் 250 மெகா பஸ்கால்; 56 அதற்கு நன்றாகவே கீழே நிற்கிறது. ஆனால் ஈரம் ஊறும் இடத்தில் துருப்பிடித்து 10 மி.மீ தடிப்பு 8 ஆனால் தகைப்பு 70 ஆகும், தொய்வு 0.50. அந்த அளவிலும் ஒருதடவை ஓட்டிவிடுங்கள். அரைக்கும் ரோலர்களின் அதிர்வு நாள் முழுக்க ஏறும் தளம் என்றால், திரும்பத் திரும்ப வரும் சுமையின் களைப்பால் வரும் முறிவை இந்த நிலைக் கணக்கு பார்க்காது. அதற்குத் தனிப் பகுப்பாய்வு வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபிக்ஸ்ட் என்று சொன்னபோது சுவர் அசையவே அசையாது என்று நாம்தான் முடிவெடுத்தோம். மேலும் கீழுமாக 100 மி.மீ இடைவெளியில் இரண்டு போல்ட் போட்டால், மேல் போல்ட்டை வெளியே இழுக்கும் விசை 1,50,000 ÷ 100, சுமார் 1500 நியூற்றன். தொங்குவது 500, போல்ட் தாங்குவதோ அதன் மூன்று மடங்கு. கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய சுவரில் பட்டை வளையுமுன் போல்ட் பிடுங்கிக்கொள்ளக்கூடும். போல்ட் இடைவெளியை 200 ஆக்கினால் அந்த இழுவை 750க்கு இறங்கும். இந்த மாற்றத்துக்கு மெஷ்ஷும் வேண்டாம், மடிக்கணினியும் வேண்டாம். சுவரில் துளை போடுமுன் தாளிலேயே செய்துவிடலாம்.