துணை வெளியூர் போன நாட்களைக் கோட்டைவிடும் தவறுகள்

கணவரோ மனைவியோ நாலு நாள் வெளியூர் கிளம்பினால் வீடு சட்டென்று அமைதியாகிவிடும். அப்படி ஒரு அமைதிக்கு மனசுக்குள் எத்தனையோ நாள் ஏங்கியிருப்போம், ஆனால் கையில் கிடைத்த பிறகு அந்த நாலு நாளும் எங்கே போனது என்றே தெரியாமல் தீர்ந்துவிடும். எனக்கும் முதல் இரண்டு தடவை அப்படித்தான் ஆனது.

பெரிய தவறு, குற்ற உணர்ச்சி. துணை இல்லாதபோது சந்தோஷமாக இருந்தால் பாசம் குறைந்துவிட்டதோ என்று நினைப்பது. உண்மை வேறு. குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வின்னிகாட், தனியாக இருக்கும் திறனைப் பற்றி 1958-ல் எழுதினார். நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதே குழந்தை தன்பாட்டுக்கு இருந்து பழகுவதில்தான் அந்தத் திறன் வளர்கிறது என்பது அவர் கருத்து. இதை என் வீட்டுக்கும் பொருத்திப் பார்க்கிறேன்: என் துணை திரும்பி வந்துவிடுவார் என்ற நிச்சயம் இருப்பதால்தான் என்னால் நிம்மதியாகத் தனியே இருக்க முடிகிறது.

அடுத்தது, "அவர் வருவதற்குள் வீட்டையே புரட்டிப்போட்டுச் சுத்தம் செய்துவிடலாம்" என்ற ஆசை. அலமாரியில் ஆரம்பித்து, பரணுக்கு ஏறி, பழைய காகிதங்களைப் பிரித்து உட்கார்ந்தால் மூன்று நாள் போய்விடும், நாலாவது நாள் முதுகுவலிதான் மிச்சம். வேலை செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. அரை நாள் ஒதுக்குங்கள், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கொடுக்காதீர்கள்.

அப்புறம் போன். முதல் நாள் சாயங்காலம் சோபாவில் சாய்ந்து கையில் எடுத்தால், நிமிர்ந்து பார்க்கும்போது நடுராத்திரி. சும்மா இருப்பது நமக்கு அவ்வளவு கஷ்டம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டிமோதி வில்சன் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு அறையில் 15 நிமிடம் தன் யோசனைகளோடு மட்டும் இருக்கச் சொன்னபோது, 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அங்கிருந்த பொத்தானை அழுத்தித் தங்களுக்குத் தாங்களே மின் அதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள்! அதனால் முதல் ஒரு மணி நேரம் இருப்புக்கொள்ளாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். போனை வேறு அறையில் வைத்துவிட்டு அந்தத் தவிப்பைக் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள், பாதியில் விட்ட புத்தகமோ எடுக்காமலே கிடந்த தையலோ தானாக ஞாபகத்துக்கு வரும்.

பேசுவதற்கு ஒரு நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மணிக்கொரு தடவை "என்ன பண்றே" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் இரண்டு பேருக்குமே நிம்மதி இருக்காது. "நான் இல்லாமல் போரடிக்குதா?" என்று கேட்டால் பொய்யாக அலுத்துக்கொள்ளவும் வேண்டாம். நன்றாக இருக்கிறேன், ராத்திரியில்தான் தேடுது என்று உள்ளதைச் சொல்லலாம்.

ஒரு ஆளுக்குத்தானே என்று சமையலறையில் நின்றபடியே எதையாவது கொறித்து வயிற்றை ரொப்பாதீர்கள். தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டால் மிச்சத்தை 2 மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்து, 3 அல்லது 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். கேட்க ஆளில்லை என்று தினமும் விடியவிடியப் படம் பார்ப்பதும் வேண்டாம், 7 மணி நேரத் தூக்கம் இல்லாவிட்டால் மறுநாள் பகல் முழுக்க மந்தமாகவே போகும். தனியாக இருப்பதால் வீட்டின் இன்னொரு சாவி நம்பிக்கையான யாரிடமாவது இருக்கட்டும்.

கடைசி நாள் காலையையும் பாத்திரம் கழுவிக் கழிக்காதீர்கள், முந்தின ராத்திரியே முடித்துவிட்டால் அந்தக் காலையும் உங்களுடையதுதான். அவர் வந்து இறங்கியதும் வாசலிலேயே குழாய் ஒழுகுது, பில் கட்டணும் என்று ஆரம்பிக்க வேண்டாம். பயணக் களைப்போடு வந்தவர் முதலில் குளித்துவிட்டு வரட்டும்.