பழைய லொறி உதறினால் செய்யக்கூடாதவை

கொட்பேயில் மீன் ஏற்றுகிற கன்ரராக இருக்கட்டும், கிண்ணியாவில் மணல் ஏற்றுகிற பழைய டாட்டாவாக இருக்கட்டும், லொறி உதறத் தொடங்கினால் திருகோணமலைப் பக்கம் பலரும் முதலில் தேடுவது கிறீஸ் கன்னைத்தான். அதுவே முதல் தவறு. கிறீஸ் இனி வரும் தேய்மானத்தைக் குறைக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிப்படுத்தாது. எஞ்சினின் சுழற்சியைப் பின் சில்லுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டுதான் ஷாப்ட், அதன் முனையில் மடங்கிச் சுழலும் பொருத்து யூ ஜொயின்ட். ஆடிப்போன யூ ஜொயின்ட்டில் புதுக் கிறீஸ் ஏற்றினால் கீச்சுச் சத்தம் சில நாள் அடங்கும். வேலை முடிந்தது என்று சாரதி நினைப்பார். உள்ளே மெல்லிய உருளைகள் கொண்ட ஊசி பெயாரிங் தொடர்ந்து அரைபடும். கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டுப் பாதையில், பாரத்தோடு போகும்போது ஷாப்ட் கழன்று விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

உதறல் எஞ்சின் வேகத்தோடு கூடுகிறதா, லொறியின் வேகத்தோடு கூடுகிறதா என்பதை முதலில் பாருங்கள். லொறியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சின் வேகத்தை மட்டும் கூட்டுங்கள். அப்போதும் உதறினால் பிழை எஞ்சின் பக்கம்: எஞ்சினைத் தாங்கும் மவுன்டிங் ரப்பர், விசிறி, டீசலை ஒழுங்காக அடிக்காத இன்ஜெக்டர். ஓடும்போது மட்டும் உதறினால், பாரமில்லாத லொறியை ஆட்கள் இல்லாத சமதரையான றோட்டில் உதறல் வருகிற வேகத்துக்குக் கொண்டுபோய், நியூட்ரலுக்கு மாற்றிக் கொஞ்சத் தூரம் உருளவிடுங்கள். அதே உதறல் தொடர்ந்தால் ரயர், ரிம், ஷாப்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உதறல் உடனே நின்றுவிட்டால், எஞ்சின் இழுக்கும்போது மட்டும் வருகிற கோளாறு அது. யூ ஜொயின்ட்டையும் மவுன்டிங்கையும் சோதியுங்கள்.

சில்லா ஷாப்ட்டா என்று பிரித்தறிய இன்னொரு வழி உண்டு. பின் சில்லு ஒருமுறை சுற்றுவதற்குள் ஷாப்ட் நாலு முதல் ஆறு முறை சுற்றிவிடும். அதனால் சில்லின் கோளாறு மெதுவான குலுக்கலாகத் தெரியும், ஷாப்ட்டின் கோளாறு காலடியில் ரீங்காரம்போல வரும். பாரத்தோடு முதல் கியரில் எடுக்கும்போது மட்டும் நடுங்கினால் ஷாப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பெயாரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கலாம், கிளட்ச்சும் காரணமாகலாம். பிறேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் பிறேக் ட்ரம் வட்டம் கெட்டிருக்கும்.

காசில்லாமல் பார்க்கக்கூடியதை விட்டுவிட்டு ஷாப்ட்டைக் கழற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. இரட்டை ரயருக்கு நடுவே கல் சிக்கியிருக்கலாம், ரிம்முக்குள் சேறு காய்ந்து ஒட்டியிருக்கலாம். சில்லு நட்டை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

ஷாப்ட்டைக் கழற்றியே ஆகவேண்டும் என்றால் சில்லுகளுக்குக் கட்டாயம் கட்டை வையுங்கள். பழைய கன்ரர், எல்ஃப் போன்ற பல லொறிகளில் கைப்பிறேக் சில்லைப் பிடிப்பதில்லை, கியர்பெட்டிக்குப் பின்னாலுள்ள ட்ரம்மில் ஷாப்ட்டைத்தான் பிடிக்கும். ஷாப்ட் கழன்றதும் லொறி உருளத் தொடங்கும். அடியில் படுத்திருப்பவருக்கு விலக நேரமிருக்காது. இதைப் பழகவரும் பெடியனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். அப்புறம், கழற்றுமுன் எல்லாப் பொருத்துகளிலும் பெயின்ட்டால் அடையாளம் போடுங்கள். ஷாப்ட் நீண்டு சுருங்க இடம் கொடுக்கும் வழுக்கும் பொருத்தின் பல்லை மாற்றிக் கோர்த்துவிட்டால் இரு முனையின் யூ ஜொயின்ட்டும் ஒரே நேருக்கு இராது. உதறலை நிறுத்தக் கழற்றிய ஷாப்ட்டே புது உதறலைக் கொடுக்கும்.

இனிக் கிறீஸ் வேலை. கடற்கரை மணல் இங்கே எங்கும் பறக்கிறது. கிறீஸ் ஏற்றும் வாயான நிப்பிளைத் துணியால் துடைக்காமல் கன்னை வைத்தால் அந்த மணலை நீங்களே பெயாரிங்குக்குள் தள்ளுகிறீர்கள். யூ ஜொயின்ட்டில் நாலு மூடியிலும் பழைய கிறீஸ் வெளியேறிப் புதியது தெரியும்வரை மெதுவாக அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்றுதான் காய்ந்து கிடக்கிறது, அப்படியே விட்டுப் போகாதீர்கள். முன் சில்லு திரும்புகிற முளையான கிங் பின்னுக்குக் கிறீஸ் அடிக்க, முன் அச்சை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து அடிப்பது நல்லது. பாரம் அமுக்கிய பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. சில்லு பெயாரிங்குக்கு வெப்பம் தாங்கும் கிறீஸ்தான் வேண்டும். சில்லின் நடுவிலுள்ள ஹப் முழுவதையும் நிரப்பினால் சூடேறி, சீலைத் தாண்டிப் பிறேக் லைனிங்கில் வடியும். கைக்குக் கிடைத்த கிறீஸை எல்லாம் கலக்கவும் வேண்டாம், சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் இளகி ஓடிவிடும்.

கழிவு எண்ணெயில் டீசல் கலந்து அடிப்பாகம் முழுக்க விசிறும் பழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். துருவைத் தடுக்கிறதென்று செய்கிறார்கள். ரப்பர் புஷ்ஷும் எஞ்சின் மவுன்டிங்கும் அதில் ஊறிப் பருத்துக் கெடும், மணலும் அப்பிக்கொள்ளும். மீன் லொறியில் ஐஸ் உருகி வடியும் உப்புநீர் நேரே ஸ்பிரிங் பின்னிலும் ஷாப்ட்டிலும் விழுகிறது. அதை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கழுவிய பிறகு கிறீஸ் அடியுங்கள், முன்பு அல்ல: உள்ளே புகுந்த தண்ணீரைப் புதுக் கிறீஸ் வெளியே தள்ளிவிடும்.