மனம் சுத்தமாக இருந்தால் போதாது

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் செய்தி சேகரிக்கும் இளம் நிருபர்கள், அவதூறு நோட்டீஸ் வந்ததும் சொல்வது இதுதான்: "நல்லெண்ணத்தில்தான் எழுதினேன்." அதை நான் நம்புகிறேன். ஆனால் சட்டம் சொல்லும் நல்லெண்ணம் வேறு. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணத்தில் செய்ததாக, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா ஏற்பதில்லை.

அவதூறைக் குற்றமாக்கும் அதன் 356-ஆவது பிரிவில் 10 விதிவிலக்குகள் உண்டு. நிபந்தனைக்குட்பட்ட சிறப்புரிமை, அதாவது சில நிபந்தனைகளைக் கடைப்பிடித்தால் எழுதியவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, என்று நாம் பேசுவது பெரும்பாலும் அவற்றில் ஒன்பதாவதை, பொதுநலனுக்காக நல்லெண்ணத்துடன் சொன்னதைக் காப்பதை, ஒட்டியது. அது பொருந்தும் என்று காட்டும் பொறுப்பு எழுதியவருடையது.

பலர் இடறி விழுவது காவல் நிலையப் புகாரில். ரேஷன் கடை ஊழியர் அரிசி கடத்துகிறார் என்று ஒரு பெண் புகார் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்துடன் முறையிட்டவருக்கு எட்டாவது விதிவிலக்கு துணை நிற்கும். புகாரின் நகலோடு அந்தப் பாதுகாப்பும் நிருபர் கைக்கு வந்துவிடாது. 'அரிசி கடத்திய ஊழியர்' என்று தலைப்பிட்டால் அது நம் குற்றச்சாட்டு. கடைசி வரியில் 'கூறப்படுகிறது' என்று ஒட்டினாலும் நாம் தப்ப முடியாது. பிறர் சொன்ன அவதூறைத் திருப்பிச் சொல்வதும் அவதூறே. இருப்புப் பதிவேட்டைப் பார்த்தோமா? அட்டைதாரர்களிடம் கேட்டோமா? அந்த ஊழியரிடம் கேட்டோமா? இரவு பத்து மணிக்கு ஒரே ஒரு முறை போன் செய்துவிட்டு 'தொடர்புகொள்ள முடியவில்லை' என்று எழுதும் பழக்கத்தைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த மனிதரும் மறுநாள் அதே தெருவில்தான் நடக்க வேண்டும்.

நீதிமன்றச் செய்திக்கு நான்காவது விதிவிலக்கு இருக்கிறது. நடந்ததைச் சாரம் மாறாமல் எழுத வேண்டும். ஜார்ஜ் டவுன் நீதிமன்ற வராந்தாவில் வழக்கறிஞர் சொன்னது நீதிமன்ற நடவடிக்கை ஆகாது.

1994-இல் 'நக்கீரன்' ஆசிரியர் ராஜகோபால் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பத்திரிகைகளுக்குப் பெரிய இடம் கொடுத்தது. அரசு ஊழியரின் கடமை சார்ந்த நடத்தை பற்றிய செய்தி பிழையாகவே இருந்தாலும், நியாயமாகச் சரிபார்த்த பிறகே எழுதினோம் என்று காட்டினால் இழப்பீட்டு வழக்கில் அது போதும். இந்தத் தீர்ப்பைக் கவுன்சிலரின் குடும்பச் சண்டை வரை இழுக்காதீர்கள். பழைய பகையைத் தீர்க்க எழுதியவருக்கும் இது உதவாது.

யாரிடம், எந்த நேரத்தில் கேட்டோம், என்ன பதில் வந்தது என்பதை அன்றே குறித்துவையுங்கள். இழப்பீட்டு வழக்குக்குக் காலவரம்பு ஓராண்டு, குற்ற வழக்குக்கு மூன்றாண்டு. அதுவரை அந்த நோட்டுப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.